தீவுகளின் குழந்தைகளும் சொத்துவரியும்: யார் செலுத்துவது, யார் தீர்மானிப்பது?

சொத்துவரி என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் தோழர்கள் பலருக்கும் நினைவில் எழுவது கண்டன ஆர்ப்பாட்டம்தான். அதற்கு நியாயமான காரணம் உண்டு. 2021-26 காலத்திற்கு உள்ளாட்சிகளுக்கென 4,36,361 கோடி ரூபாயைப் பரிந்துரைத்த 15ஆவது நிதிக்குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்தோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தே கொடுத்தது. சொத்துவரியின் அடிமட்ட விகிதத்தை அறிவிக்க வேண்டும். மாநில உற்பத்தியின் வளர்ச்சியை ஒட்டி வசூலும் ஆண்டுதோறும் உயர வேண்டும் என்பது அந்த நிபந்தனை. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 25 முதல் 150 விழுக்காடு வரை சொத்துவரி உயர்த்தப்பட்டபோது மாநில அரசு இதையே காரணமாகக் காட்டியது. இடதுசாரிக் கட்சிகள் அந்த உயர்வை ஆட்சேபித்தன. அது சரியே.

ஆயினும், 'வரி என்றால் எதிர்ப்பு' என்பது சிந்தனைக்கு இடமில்லாத பழக்கமாகிவிட்டால், மூன்று வர்க்கக் கேள்விகளை நாமே ஆளும் வர்க்கத்தின் கையில் ஒப்படைத்துவிடுகிறோம். வரியை யார் மீது விதிப்பது? அதை எதற்காகச் செலவிடுவது? இவ்விரண்டையும் யார் தீர்மானிப்பது? அந்தமான் நிகோபார் தீவுகளில், பச்சிளங் குழந்தைகளின் பராமரிப்பையும் முன்பருவக் கல்வியையும் உள்ளூர்ச் சொத்துவரியைக் கொண்டு விரிவுபடுத்த முடியுமா என்ற விவாதத்தில் இம்மூன்று கேள்விகளும் ஒருங்கே வந்து நிற்கின்றன. ஒன்றிய அரசின் கடமைக்கு மாற்றாக இந்த வரி வருமாயின் அதை எதிர்க்க வேண்டும். அக்கடமைக்கு மேல் ஒரு கூடுதலாக, பெருஞ்சொத்துகளின் மீது, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் முடிவால் வருமாயின் அதை நாமே கோர வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இன்று இருப்பது என்ன?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, நாட்டில் குறைந்தது 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள் இயங்க வேண்டுமென்றது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாகக் கிடைக்கும் உணவைச் சட்டபூர்வமான உரிமையாக்கியது. இவை யாரும் கனிந்து கொடுத்தவை அல்ல. நீதிமன்றத்திலும் வீதியிலும் நடந்த நெடும்போராட்டங்களின் விளைவு.

2011 கணக்கெடுப்பின்படி 3,80,581 மக்கள் வாழும் இந்தத் தீவுக் கூட்டத்தில் இன்று 700க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை என்றே தோன்றும். ஆனால் மையத்தின் கதவு எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, எந்த வயதுக் குழந்தைக்குத் திறந்திருக்கிறது என்று கேட்டால்தான் உண்மை புலப்படும். 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி ஒரு நாளில் சில மணி நேர ஏற்பாடு. 3 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கோ அது வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படும் ஓர் உணவுப் பொட்டலம் மட்டுமே. தாய் வேலைக்குச் சென்று திரும்பும் வரை அக்குழந்தையை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் அங்கே இல்லை.

தலைநகரின் கட்டுமானப் பணியிடங்களிலும், தென்னை பாக்குத் தோட்டங்களிலும், மீன் சந்தைகளிலும், சுற்றுலா விடுதிகளிலும் உழைக்கும் பெண்களுக்கு இந்த இடைவெளி பெரும் சுமை. நிலப்பரப்பில் உள்ள ஒரு கிராமத்தில் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது வழக்கம். தீவுகளிலோ பெரும்பாலோர் குடியேறியவர்கள், அல்லது குடியேறியவர்களின் மக்கள். வேலை தேடிப் புதிதாக வந்த குடும்பத்தின் பாட்டி இராமநாதபுரத்திலோ ஸ்ரீகாகுளத்திலோ வங்கத்திலோ இருக்கிறார், நடுவே கடல். ஆகவே, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழுகிறது. அல்லது தாயே வேலையை விட்டு நிற்கிறாள். ஒரு குழந்தையின் பராமரிப்பு இன்னொரு குழந்தையின் கல்வியைத் தின்று நடைபெறுகிறது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன்கள் சட்டம், 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. சிறு விடுதிகளும், ஒப்பந்தக்காரர்களின் கீழ் சிதறிக் கிடக்கும் வேலைகளும், வீட்டுவேலையும் இந்த எண்ணிக்கைக்குள் அகப்படுவதில்லை. ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டத்தின் கீழ் அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகங்களாக நாடு முழுவதற்கும் வைக்கப்பட்ட இலக்கு 17,000. ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள் உள்ள நாட்டில் இது நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும் அளவு.

செலவு யாருடைய பொறுப்பு?

அந்தமான் நிகோபார், சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதி. மாநிலங்களில் அங்கன்வாடிச் செலவில் பெரும்பாலும் ஒன்றிய அரசுக்கு 60, மாநில அரசுக்கு 40 என்ற பங்கீடு 2015-16 முதல் நடைமுறையில் உள்ளது. சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதிகளில் 100 விழுக்காடும் ஒன்றிய அரசையே சாரும். அப்படியானால் உள்ளூர் வரிக்கு இங்கு என்ன வேலை என்று ஒரு தோழர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒன்றிய அரசு 'முழுவதும்' தருவதாகச் சொல்லும் அந்தத் தொகை எவ்வளவு என்பதில் விடை தொடங்குகிறது.

அங்கன்வாடி ஊழியருக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த மாதத் தொகை 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். 2018 அக்டோபரில் நிர்ணயிக்கப்பட்டது இது. குழந்தைக்கு நாளொன்றுக்கான ஊட்டச்சத்துச் செலவாக 2017இல் வகுக்கப்பட்ட நெறி 8 ரூபாய். ஆண்டுக்கு 300 நாட்கள் எனக் கொண்டால் ஒரு குழந்தைக்கு 2,400 ரூபாய். அரிசியும் பருப்பும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கப்பலில் வந்து சேர வேண்டிய தீவுகளில் 8 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்பதைத் தீவுகளில் குடும்பம் நடத்துவோர் அறிவர்.

கட்சி ஆவணங்களையும் தொழிற்சங்கச் சுற்றறிக்கைகளையும் மொழிபெயர்க்கும்போது ஒரு சொல் எப்போதும் என்னை நிறுத்திவிடும். அங்கன்வாடி ஊழியர் பெறுவதை அரசு 'ஊதியம்' என்று சொல்வதில்லை; 'மதிப்பூதியம்' என்கிறது. ஊதியம் என்றால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வரும், ஓய்வூதியம் வரும், பணிப் பாதுகாப்பு வரும். 'மதிப்பு' என்ற முன்னொட்டு அத்தனையையும் வெளியே நிறுத்திவிடுகிறது. மதிப்பு கொடுப்பதாகச் சொல்லும் சொல்லே உழைப்பின் மதிப்பைப் பறிக்கிறது. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டுமென்று 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அங்கன்வாடி ஊழியர்களும் உதவியாளர்களும் பணிக்கொடை பெறத் தகுதியுடையோர் என்று 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் அந்தப் பழைய சொல் நீடிக்கிறது.

சட்டமன்றம் உள்ள மாநிலங்களில் ஊழியர்கள் போராடி மாநில அரசிடமிருந்து மேற்கொண்டு ஒரு தொகையைப் பெற முடிகிறது. தீவுகளில் அந்த இரண்டாவது வாசல் இல்லை. கோரிக்கை மனுவின் முகவரி தில்லிதான். ஆகவே முதல் நெறியை ஐயத்துக்கு இடமின்றி வகுத்துக்கொள்ள வேண்டும். ஊழியரின் ஊதியமும் குழந்தையின் உணவும் ஒன்றிய அரசின் கடமை. இவ்விரண்டிற்கு ஈடாக உள்ளூர் வரியிலிருந்து ஒரு காசும் செல்லக் கூடாது. உள்ளூர் வரி வருமாயின் அது இன்று எங்குமே இல்லாத ஒன்றுக்காக வர வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கான முழுநாள் காப்பகம், சொந்தக் கட்டடம், குழந்தையின் தாய்மொழி அறிந்த கூடுதல் பணியாளர் ஆகியவை அவை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தீவுகளின் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். வங்காளம், தெலுங்கு, மலையாளம், நிகோபாரி, இந்தி பேசுவோர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். பெரியவர்கள் ஒருவரோடொருவர் பேச இந்தியைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பொதுமொழி என்று ஒன்றில்லை. தாயின் மொழி மட்டுமே உண்டு. பசியையும் வலியையும் அச்சத்தையும் சொல்லத் தெரியாத இடத்தில் குழந்தையை விட்டுச் செல்லத் தாய் தயங்குவது இயல்பு. மொழியறிந்த பணியாளர் என்பது ஆடம்பரக் கோரிக்கை ஆகாது; காப்பகம் பயன்படுமா பூட்டிக் கிடக்குமா என்பதைத் தீர்மானிப்பது அதுவே.

நிலத்தின் மதிப்பை உண்டாக்கியது யார்?

1848ஆம் ஆண்டின் 'கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை' முன்னேறிய நாடுகளுக்காக வகுத்த பத்து நடவடிக்கைகளில் முதலாவது, நிலத்தின் மீதான தனிச்சொத்துரிமையை ஒழித்து நிலவாடகை முழுவதையும் பொதுக் காரியங்களுக்குச் செலவிடுவது பற்றியது. பத்தாவது, எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளிகளில் இலவசக் கல்வி பற்றியது. பட்டியல் நிலத்தில் தொடங்கிக் குழந்தையில் முடிகிறது. நமது விவாதம் அவ்விரண்டையும் இணைக்கும் பாலம் ஒன்றைப் பற்றியதே.

ஒரு கடற்கரை நிலத்தின் விலை ஏன் உயர்கிறது? உடைமையாளர் அதில் உழைத்ததால் அல்ல. அரசு சாலை போட்டது, துறைமுகத் தளம் கட்டியது, விமான நிலையத்தை விரிவுபடுத்தியது, குடிநீர்க் குழாய் பதித்தது. தொழிலாளர்கள் வந்து குடியேறினர், சந்தை உருவாயிற்று. சமூகம் உண்டாக்கிய மதிப்பு தனிமனிதரின் பையில் சேர்கிறது. அதில் ஒரு பகுதியைச் சமூகம் திரும்பப் பெறும் வழிகளில் சொத்துவரியும் ஒன்று. இந்தியாவில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சொத்துவரி அரை விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்பது, பெருஞ்சொத்துகள் இதுவரை எவ்வளவு இலகுவாகத் தப்பித்து வந்துள்ளன என்பதையே காட்டுகிறது.

உள்ளூர் நிதியைக் குழந்தைகளுக்குச் செலவிடுவது நமக்குப் புதியதல்ல. 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தனது பள்ளியின் மாணவர்களுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் உணவளிக்கத் தீர்மானித்தது. பின்னர் மேலும் சில பள்ளிகளுக்கு அது விரிந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்ய அன்றைய அரசு அனுமதி மறுத்ததால் 1925இல் திட்டம் நின்றுபோயிற்று. உள்ளாட்சிக்கு மனம் இருந்தது. மேலிருந்த அரசு கையைக் கட்டியது. நூறாண்டுகளுக்குப் பிறகும் கவனத்தில் கொள்ள வேண்டிய பாடம் இது. அதே 1920இன் சென்னை தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்க வழிசெய்தது. 1948இன் சென்னை பொது நூலகச் சட்டம் சொத்துவரியோடு நூலக வரியையும் சேர்த்தது. இன்றும் தமிழ்நாட்டில் சொத்துவரியின் மேல் 10 விழுக்காடு நூலக வரியாக வசூலாகிறது. நூலகத்திற்கென வரி வாங்க முடியுமானால், நூலகத்திற்குள் நுழையப்போகும் குழந்தைக்கென வாங்க முடியாதா?

ஐரோப்பாவில் இதன் சிறந்த முன்னுதாரணம் 'செவ்வியன்னா'. 1919 முதல் 1934 வரை சமூக ஜனநாயகவாதிகள் நிர்வகித்த அந்நகரில், நிதிப் பொறுப்பாளர் ஹ்யூகோ பிரைட்னர் 1923இல் வீட்டுவசதிக் கட்டுமான வரியைக் கொண்டுவந்தார். சிறு குடியிருப்புக்குப் பெயரளவில் வரி, மாளிகைக்குப் பன்மடங்கு. மிக விலையுயர்ந்த அரை விழுக்காடு சொத்துகளே மொத்த வரியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் செலுத்தின. அந்த வரியின் பலத்தில் எழுந்த 60,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கிடையே சலவைக் கூடங்களும் மழலையர் பள்ளிகளும் எழுந்தன. கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு அவற்றுள் புகழ் பெற்றது. வரி விதிப்பின் ஏணி செங்குத்தாக இருந்ததே அதன் வெற்றிக்குக் காரணம்.

தீவுகளில் யாரிடம் வசூலிப்பது?

வியன்னாவின் ஏணியை அப்படியே தூக்கிவந்து தீவுகளில் நிறுத்த முடியாது. இங்கே நிலவுடைமையின் அமைப்பே வேறு. பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. 1966ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறையின்படி நிலம் ஒன்றிய அரசுக்குச் சொந்தம். குடியேறியவர்கள் அனுபோக உரிமையோ உரிமமோ பெற்றே அதை வைத்திருக்கின்றனர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் 24 வார்டுகளுக்குள் நடந்து பார்த்தால், பெரிய வளாகங்கள் பலவும் படைத்துறைகள், நிர்வாக அலுவலகங்கள், ஒன்றிய நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு உரியவையாக இருக்கக் காணலாம்.

அரசமைப்புச் சட்டத்தின் 285ஆவது பிரிவு ஒன்றிய அரசின் சொத்துகளை உள்ளூர் வரியிலிருந்து விலக்குகிறது. இதன் பொருள், தீவுகளின் மிகப் பெரிய சொத்துடைமையாளர் வரி வளையத்துக்கு வெளியே நிற்கிறார் என்பதுதான். ஆனால் வழி முற்றிலும் அடைபடவில்லை. ராஜ்கோட் மாநகராட்சி தொடர்ந்த வழக்கில் 2009 நவம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் எட்டப்பட்ட தீர்வின்படி, ஒன்றிய அரசின் சொத்துகளுக்குச் சொத்துவரி இல்லையென்றாலும், பயன்படுத்தும் வசதிகளுக்கேற்ப அவ்வரியின் 75, 50 அல்லது 33⅓ விழுக்காட்டைச் சேவைக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். சிறு வீட்டுக்காரரின் கதவைத் தட்டுவதற்கு முன் இந்தக் கட்டணத்தை ஆண்டுதோறும் முழுமையாகக் கணக்கிட்டு வாங்க வேண்டும். வாங்கிய கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும்.

அடுத்து வருவது சுற்றுலா மூலதனம். சுவராஜ் தீவு, ஷாகித் தீவு என்று 2018 டிசம்பரில் பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக், நீல் தீவுகளில் எழுந்துள்ள விடுதிகள் நகராட்சி எல்லைக்குள் இல்லை. ஊராட்சிகளின் எல்லைக்குள் உள்ளன. சொகுசு விடுதி ஒன்றில் ஓர் அறையின் சில இரவு வாடகை, அங்கன்வாடி ஊழியருக்கு ஒன்றிய அரசு ஓராண்டுக்குத் தரும் 54,000 ரூபாய்க்குச் சமமாகிவிடும். அந்த அறையைத் துப்புரவு செய்யும் பெண்ணின் குழந்தைக்குக் காப்பகம் இல்லை. வரி யார் மீது விழ வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

விலக்கு பெற வேண்டியோரையும் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். சொந்தக் குடியிருப்புக்கான சிறு வீடுகள், குடியேறியோர் குடும்பங்களின் வீட்டுமனைகள், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் அரசு கட்டித்தந்த நிரந்தரக் குடியிருப்புகள், தெருவோரக் கடைகள் ஆகியவற்றின் மீது குழந்தைகள் பெயரால் ஒரு ரூபாயும் விதிக்கக் கூடாது. பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956 ஒழுங்குமுறை நடைமுறையிலுள்ள நிகோபார்ப் பகுதிகளில் நிலம் 'துகெத்' என்னும் கூட்டுக்குடும்பத்தின் பொது உடைமை. அதைச் சொத்துவரியின் கணக்கேட்டில் ஏற்றுவதே அநீதி. அங்கே குழந்தைகள் பராமரிப்பு முழுவதும் ஒன்றிய அரசின் செலவில், பழங்குடி மன்றங்களின் நிர்வாகத்தில் நடைபெற வேண்டும்.

வீட்டு உரிமையாளர் வரியை வாடகைதாரர் தலையில் கட்டிவிடுவார் என்ற அச்சம் புறந்தள்ளத் தக்கதல்ல. நிலம் அரிதான தலைநகரில் வாடகை ஏற்கெனவே குடியிருப்போர் தாங்கக்கூடிய உச்சத்தில்தான் இருக்கிறது. வரி இல்லாத காலத்திலும் உரிமையாளர் வாடகையைக் குறைத்து வாங்கியதில்லை. ஆயினும் இந்த வாதத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. வாடகைக் குடியிருப்புகளை முதற்கட்டத்தில் இந்த வரிக்கு வெளியே வைத்து, விடுதிகள், வணிக வளாகங்கள், குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட கட்டடங்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே உழைக்கும் மக்களுக்குப் பாதுகாப்பு.

இரண்டு அபாயங்கள்

முதல் அபாயம், உள்ளூர் வரியை உள்ளூரிலேயே பூட்டி வைப்பது. அமெரிக்காவில் பள்ளிகள் உள்ளூர்ச் சொத்துவரியைப் பெரிதும் சார்ந்திருப்பதன் விளைவை 1973இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சான் அன்டோனியோ வழக்கு உலகறியச் செய்தது. மெக்சிக வம்சாவளியினர் மிகுதியாக வாழ்ந்த எட்ஜ்வுட் வட்டாரம் நூறு டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி செலுத்தியும் ஒரு மாணவருக்கு 26 டாலர்தான் திரட்ட முடிந்தது. செல்வர்கள் வாழ்ந்த அலமோ ஹைட்ஸ் 0.85 டாலர் மட்டுமே செலுத்தி 333 டாலர் திரட்டியது. ஏழைகள் கூடுதல் விகிதத்தில் வரி கட்டிக் குறைவான கல்வியைப் பெற்றனர். ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை அனுமதித்தது.

தீவுகளில் எட்ஜ்வுட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. கச்சால் இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்டன. நிலம் பழங்குடிக் காப்புப் பகுதியைச் சேர்ந்தது; குடியிருப்பு தோட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தது. சுனாமி அத்தீவைச் சூறையாடியது. தோட்டத்தை நடத்திவந்த காடு மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகத்தையே மூடிவிட 2017இல் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. இத்தகைய ஓரிடத்தில் சொத்துவரி என்று வசூலிக்க எதுவும் இல்லை. குழந்தைகளின் தேவையோ மற்ற இடங்களைவிட அதிகம். சுவராஜ் தீவின் வரி சுவராஜ் தீவுக்கே என்று வைத்தால் கச்சாலின் குழந்தைக்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே வசூல் உள்ளூரில் நடந்தாலும், ஒரு பெரும்பகுதி தீவுகளுக்கான பொது நிதியில் சேர்ந்து, குழந்தைகளின் எண்ணிக்கையையும் தேவையையும் கொண்டு பகிரப்பட வேண்டும்.

இரண்டாவது அபாயம் ஜனநாயகம் பற்றியது. தீவுகளின் நகராட்சிக்கும் ஊராட்சிகளுக்கும் அடிப்படையான 1994ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் எந்தச் சட்டமன்றத்திலும் விவாதிக்கப்பட்டவை அல்ல. அரசமைப்பின் 240ஆவது பிரிவின் கீழ் குடியரசுத் தலைவர் பெயரில், அதாவது ஒன்றிய அரசால் பிறப்பிக்கப்பட்டவை. இத்தகைய இடத்தில் வரி எவ்வாறு வந்து இறங்கும் என்பதை ஜம்மு காஷ்மீர் காட்டியது. அங்கே சட்டமன்றம் இல்லாத காலத்தில், 2023 பிப்ரவரியில் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, ஏப்ரல் 1 முதல் நகரங்களில் சொத்துவரி விதித்தனர். ஆயிரம் சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு விலக்கு இருந்தும், இடதுசாரிகள் உள்ளிட்ட கட்சிகள் அதை எதிர்த்தன. வரியின் அளவைவிட, மக்களின் பிரதிநிதிகள் இல்லாமல் வரி விதிக்கும் துணிச்சலையே அவை எதிர்த்தன. துணைநிலை ஆளுநரின் கையெழுத்தால் மட்டும் வரும் வரி, குழந்தைகளின் பெயரைத் தாங்கி வந்தாலும் ஏற்கத் தக்கதல்ல.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கிரேட் நிகோபாரில் 166.10 சதுர கிலோமீட்டர் பரப்பில் துறைமுகமும் நகரமும் விமான நிலையமும் அமைக்கும் திட்டத்திற்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அது வந்தால் வரி வருவாய் பெருகும், குழந்தைகளுக்குச் செலவிடலாம் என்று நாளை யாரேனும் ஆசை காட்டலாம். ஷோம்பென், நிகோபாரி மக்களின் வாழ்நிலத்தை விலையாகக் கொடுத்து எந்தக் குழந்தைக்கும் தொட்டில் கட்ட வேண்டியதில்லை. அத்திட்டத்திற்கான நமது எதிர்ப்பு பேரத்திற்குரியதல்ல.

கோரிக்கைகளும் பணிகளும்

மேற்சொன்னவற்றிலிருந்து நமது கோரிக்கைகள் தெளிவாகின்றன. அங்கன்வாடி ஊழியர்களும் உதவியாளர்களும் தொழிலாளர்களாக அங்கீகரிக்கப்பட்டு, அவர்களின் ஊதியமும் குழந்தைகளின் உணவும் தீவுகளின் விலைவாசிக்கேற்ப ஒன்றிய அரசால் முழுமையாக ஏற்கப்பட வேண்டும். உள்ளூர் வரி வசூலைக் காட்டி அந்த ஒதுக்கீட்டில் ஒரு ரூபாயும் குறைக்கப்படாது என்பது ஒழுங்குமுறையிலேயே எழுதப்பட வேண்டும். ஒன்றிய அரசின் சொத்துகளுக்கான சேவைக் கட்டணம் நிலுவையின்றி செலுத்தப்பட வேண்டும். நூலக வரியின் மாதிரியில், விடுதிகள் உள்ளிட்ட பெரும் வணிகச் சொத்துகளின் மீது மட்டும் படிநிலையில் ஏறும் குழந்தைகள் நல வரி ஒன்றை நகராட்சி மன்றமும் ஊராட்சிகளும் தம் கூட்டங்களில் விவாதித்துத் தீர்மானிக்க வேண்டும். அத்தொகை தனிக் கணக்கில், வேறு செலவுக்குத் திருப்ப இயலாதவாறு வைக்கப்பட்டு, தேவைக்கேற்பத் தீவுகளிடையே பகிரப்பட வேண்டும். முழுநாள் காப்பகங்களை நடத்தும் பொறுப்பு தனியாருக்கோ தொண்டு நிறுவனங்களுக்கோ கொடுக்கப்படாமல் பொதுத்துறையிலேயே இருக்க வேண்டும்.

இவற்றை நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்பவர்கள் கேரளத்தைப் பார்க்க வேண்டும். 1996இல் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. அங்கன்வாடிகளும் அவற்றின் பொறுப்பில் வந்தன. கட்டடம், உணவு, பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஊராட்சிகள் தம் நிதியிலிருந்து செலவிடுகின்றன. அங்கே பணம் மட்டும் கீழே இறங்கவில்லை. முடிவெடுக்கும் அதிகாரமும் இறங்கியது. அரசமைப்பின் 11ஆவது அட்டவணை பெண்கள், குழந்தைகள் வளர்ச்சியை ஊராட்சிகளுக்குரிய பொருள்களுள் ஒன்றாகக் குறித்திருக்கிறது. தீவுகளில் அந்த வரி ஏட்டில் இருக்கிறது. அதை நிலத்தில் இறக்கும் போராட்டமே மிச்சம்.

கிளைகள் இதைத் தொடங்க மேலிடத்துச் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தத்தம் பகுதியில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், அவர்களின் தாய்மார்கள் எந்நேரம் வேலைக்குப் போய் எந்நேரம் திரும்புகின்றனர், அந்நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார், வீட்டில் பேசும் மொழி எது ஆகிய நான்கு கேள்விகளோடு வீடு வீடாகச் செல்லலாம். மாதர் அமைப்பும் அங்கன்வாடி ஊழியர் சங்கமும் விடுதித் தொழிலாளர்களும் இதில் ஒன்றாக நிற்க முடியும். அவ்வாறு திரட்டிய கணக்கோடு ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து நிற்கும் தோழரிடம், 'பணத்துக்கு எங்கே போவது?' என்று கேட்பார்கள். விடுதிகளின் பட்டியலையும் சேவைக் கட்டணக் கணக்கையும் அப்போது மேசையின் மேல் வைக்க வேண்டும்.